நல்ல தண்ணி, உப்புத் தண்ணி, சாக்கடைத் தண்ணி: இலையில் செய்த வெள்ளித் துகளும் கொசுப்புழுவும்

500 லிட்டர் சிமென்ட் தொட்டி ஒன்றில் கொசுப்புழுவைக் கொல்ல லிட்டருக்கு 20 மில்லிகிராம் வீதம் வெள்ளி சேர்க்க, மொத்தம் 10 கிராம் வெள்ளி வேண்டும். சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் அந்த எடைக்குக் குழந்தைக்கு ஒரு ஜோடி மெல்லிய கொலுசு செய்துவிடலாம். அதே தொட்டிக்கு, அபேட் என்று ஊரெல்லாம் சொல்கிற டெமிஃபாஸ் 50 சதவீத மருந்து 1 மில்லிலிட்டர் போதும்.

இலைச்சாற்றில் செய்த வெள்ளி நானோ துகள், அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவு மிகச் சிறிய வெள்ளித் துகள், கொசுப்புழுவைக் கொல்லும் என்பதில் சந்தேகம் இல்லை. 2011 வாக்கில் மேல்விஷாரத்துக் கல்லூரியிலிருந்து கரிசலாங்கண்ணி, தாமரை, தொட்டாற்சிணுங்கி, சீந்தில் என்று வரிசையாக ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. அதற்குப் பிறகு தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் கை வைக்காத செடி குறைவு. பாதிப் புழுக்களைக் கொல்லும் அளவு, அதாவது எல்சி50, பெரும்பாலும் லிட்டருக்குச் சில மில்லிகிராமிலிருந்து சில பத்து மில்லிகிராம் வரை வருகிறது. ஆனால் அந்த எண் எந்தத் தண்ணீரில் எடுத்த எண் என்று கேட்பவர்கள் குறைவு. வெள்ளியைப் பொறுத்தவரை செடியைவிடத் தண்ணீர்தான் முக்கியம். சேலத்து வீடுகளில் நல்ல தண்ணி, உப்புத் தண்ணி, சாக்கடைத் தண்ணி என்று மூன்றாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். கொசுவும் கிட்டத்தட்ட அப்படித்தான் பிரித்துக்கொண்டு முட்டையிடுகிறது. வெள்ளி ஒவ்வொன்றிலும் வேறு மாதிரி நடந்துகொள்கிறது.

முதலில் துகளைச் சரியாகச் செய்வோம்.

செடிக்கு ஏற்காட்டு மலையில் அரிய மூலிகை தேட வேண்டாம். அரியதைப் பறிப்பது தவறு, அது தேவையும் இல்லை. மலைப்பாதையின் இரு பக்கமும் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடி போதும். பறிக்கப் பறிக்கக் காட்டுக்கு நல்லதுதான். கீழே ஊருக்குள் என்றால் நொச்சி, எருக்கு, தும்பை. வெள்ளி அயனியைத் துகளாக மாற்றுவது இலையில் உள்ள பாலிஃபீனால், ஃபிளேவனாய்டு, சர்க்கரை, புரதம் போன்றவை. துகளின் மேல் போர்வையாக ஒட்டிக்கொண்டு திரளாமல் காப்பதும் இவையே. இவற்றின் அளவு மழைக்காலத்து இலையில் ஒன்று, சித்திரை வெயிலில் ஒன்று. அதனால் ஒரே நாளில், ஒரே இடத்தில், முற்றிய இலையாகத் தேவைக்கு மேல் பறித்து, நிழலில் காயவைத்துப் பொடித்து, காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொண்டால் ஒரு வருட வேலைக்கு ஒரே சரக்கு இருக்கும். ஒரு கிளையை அழுத்திக் காயவைத்து, தேதியும் இடமும் எழுதி வைப்பதையும் விட்டுவிடக் கூடாது.

பச்சை இலை என்றால் 10 கிராம், 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் போட்டு 60 முதல் 80 டிகிரி சூட்டில் 15 நிமிடம். கொதிக்கக் கொதிக்க அரை மணி நேரம் வைத்தால் சாறு கறுத்துப் போகும். பிறகு துகள் உருவாகும்போது வரும் நிறமாற்றம் கண்ணுக்குத் தெரியாது. ஆறியதும் வாட்மேன் 1 எண் வடிதாளில் வடித்து, குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வைத்து ஒரு வாரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

வெள்ளியைத் தரும் உப்பு சில்வர் நைட்ரேட். அதில் 1 மில்லிமோலார் கரைசல் என்றால் லிட்டருக்கு 0.170 கிராம். 100 மில்லிக்கு 0.017 கிராம்தான். நான்கு தசமம் காட்டும் தராசு இல்லாதவர்கள் ஒரு லிட்டராகவே கலக்கட்டும், பழுப்பு நிறப் பாட்டிலில். கரைசல் 90 மில்லிக்குச் சாறு 10 மில்லி, சொட்டுச் சொட்டாக, கலக்கிக்கொண்டே. வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். பக்கத்திலேயே இரண்டு குடுவைகள் இருக்க வேண்டும். ஒன்றில் சாறும் தண்ணீரும் மட்டும், இன்னொன்றில் சில்வர் நைட்ரேட்டும் தண்ணீரும் மட்டும். இந்த இரண்டும் நிறம் மாறாமல் நடுவில் உள்ளது மட்டும் இளமஞ்சளிலிருந்து பழுப்புக்கு மாறினால்தான் நடந்தது துகள் வேலை என்று நம்பலாம். கையுறை கட்டாயம். சில்வர் நைட்ரேட் பட்ட தோல் கறுத்து, நாள்கணக்கில் போகாது. அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலை ஒருபோதும் சேமித்து வைக்கக் கூடாது. வைத்திருந்தால் வெடிக்கும் பொருள் உருவாகும்.

இங்கே முதல் தவறு தண்ணீரில் நடக்கிறது. குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அது ஏறக்குறைய 7 மில்லிமோலார். நம் கரைசலில் உள்ள வெள்ளியோ 1 மில்லிமோலார். அந்த எல்லையை ஒட்டிய தண்ணீரில் சில்வர் நைட்ரேட்டைப் போட்டால், உள்ள வெள்ளியைப் போல ஏழு மடங்கு குளோரைடு அதைப் பிடிக்கக் காத்திருக்கிறது. வெள்ளை வெளேரென்று சில்வர் குளோரைடு வீழ்படிவாக இறங்கிவிடும். வெள்ளியை அமிலத்தில் கரைத்து மீட்பவர்கள் உப்பைப் போட்டு வெள்ளியைக் கீழே இறக்குவார்களே, அதே வேலைதான். அங்கே அது திறமை, இங்கே சரக்கு பாழ். குடுவையை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவுவதும் இதே வம்பு. நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் அலசி, வடித்த நீரில் மூன்று முறை கழுவ வேண்டும்.

தண்ணீர் சுத்தமாக இருந்தும் கலங்கினால் இலையிலேயே குளோரைடு இருக்கிறது என்று பொருள். படிகம் எது என்று காட்டும் எக்ஸ்ரே விளிம்பு விளைவுப் படத்தில் வெள்ளி 38.1, 44.3, 64.4, 77.4 டிகிரிகளில் உச்சி காட்டும். 27.8, 32.2, 46.2 டிகிரிகளில் கூடுதலாகக் கூர்மையான உச்சிகள் வந்தால் அது சில்வர் குளோரைடு. அதைத் தாவரப் பொருளின் உச்சி என்று எழுதிக் கடந்துபோகும் கட்டுரைகள் ஏராளம். அப்படி எழுதினால் பிறகு கொசுவைக் கொன்றது எது என்ற கேள்விக்கே பதில் இல்லாமல் போகிறது.

வேகமாக நிறம் வர வேண்டும் என்று காரம் சேர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மிதமான காரத்தில் துகள் சிறிதாகவும் சீக்கிரமாகவும் வரும் என்பது சரி. பிஎச் அளவு கூடிப் போனால் வெள்ளி ஆக்சைடும் பழுப்பாகவே வீழ்படியும். கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. எந்த நிற ஒளியைக் கரைசல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் நிறமாலைமானியில் 300 முதல் 700 நானோமீட்டர் வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். 400-க்கும் 450-க்கும் நடுவில் ஒற்றை உச்சி, ஒடுக்கமாக இருந்தால் நல்லது. 500-க்கு மேல் தோள் போல நீண்டால் துகள் திரளத் தொடங்கிவிட்டது.

பிறகு சென்ட்ரிபியூஜில் நிமிடத்துக்கு 12,000 சுற்று, 20 நிமிடம். மேல்நீரைத் தனியே எடுத்து, வண்டலை வடித்த நீரில் கலக்கி மறுபடி சுற்ற வேண்டும், மூன்று முறை. மேல்நீரைக் கொட்டிவிடக் கூடாது. அதில் ஒரு சொட்டு உப்புக் கரைசல் விட்டுப் பார்த்தால் போதும். வெண்மையாகக் கலங்கினால் துகளாக மாறாத வெள்ளி அயனி இன்னும் இருக்கிறது. மூன்றாம் கழுவலிலும் கலங்கினால் வினை முடியவில்லை, இன்னும் நேரம் கொடுத்திருக்க வேண்டும். கழுவிய வண்டலைச் சூட்டடுப்பில் காயவைத்துப் பொடியாக்கி எடை போடுவது பரவலான பழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காய்ந்த துகள் மறுபடி தண்ணீரில் பிரியாது, கட்டியாகவே நிற்கும். பொடியின் எடையில் இலைப் பொருளும் சேர்ந்திருக்கும். அந்த எடையை வைத்துக் கணக்கிட்டால் 20 என்று எழுதிய இடத்தில் வெள்ளி உண்மையில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஈரமாகவே வைத்துக்கொண்டு, ஒரு பங்கை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அணு உட்கவர் நிறமாலைமானியில் வெள்ளியை மட்டும் அளப்பதே நேர்மையான முறை.

கணக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 90-க்கு 10 என்று கலந்த ஒரு லிட்டரில் இருக்கும் மொத்த வெள்ளி 97 மில்லிகிராம், அதற்கு மேல் வராது. அதை அப்படியே 100 மில்லி குவளையில் 1 மில்லி விட்டால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் கூட வராது. ஒரு லிட்டரின் வண்டலை 50 மில்லியில் கலக்கி வைத்தால், ஒன்றும் வீணாகவில்லை என்றால், அதில் 1 மில்லியை அதே 100 மில்லி குவளையில் விட லிட்டருக்கு 19 மில்லிகிராம் வீதம் கிடைக்கும். முதலில் சொன்ன 500 லிட்டர் தொட்டிக்கோ 90-க்கு 10 கலவை 100 லிட்டருக்கு மேல் தயாரித்தாக வேண்டும்.

இனி புழுச் சோதனை. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வெளியிட்ட வழிமுறைதான் அடிப்படை. புழு வளர்ச்சியின் மூன்றாம் பருவத்தின் கடைசியில் அல்லது நான்காம் பருவத்தின் தொடக்கத்தில் உள்ள புழு, குவளைக்கு 25. ஒவ்வொரு அளவுக்கும் நான்கு குவளை, நீரின் ஆழம் 5 முதல் 10 சென்டிமீட்டர், சூடு 25 முதல் 28 டிகிரி. ஏற்காட்டில் மார்கழியில் சாதாரண அறையில் வைத்தால் இந்தச் சூடு கிடைக்காது. புழு மந்தமாகி, குறைவாகத் தின்று, மருந்து வேலை செய்யாதது போல ஒரு தோற்றம் தரும். நானோ துகள் பெரும்பாலும் வயிற்று வழியாகப் போய், நடுக்குடலின் சுவரைச் சிதைத்து, புரதங்களின் கந்தகப் பிடிகளைக் கட்டிப்போட்டுக் கொல்கிறது. தின்றால்தான் வேலை நடக்கும். கூட்டுப்புழு எதையும் தின்பதில்லை என்பதால் அதற்கு அளவு கூடுதலாக வேண்டியிருப்பது இயல்பு.

24 மணி நேரம் கழித்து எண்ண வேண்டும். ஊசியால் தொட்டும் அசையாதது செத்தது. தண்ணீரை அசைத்தால் மேலே வர முடியாமலும் முங்க முடியாமலும் தவிப்பது சாகக் கிடப்பது. இரண்டும் சேர்த்துத்தான் கணக்கு. இடையில் கூட்டுப்புழுவாக மாறியதைக் கழித்துவிட வேண்டும். மருந்தில்லாத குவளையில் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டுப்புழுவானால் முழுச் சோதனையும் செல்லாது. அதே குவளையில் 5 முதல் 20 சதவீதம் செத்தால் ஆபட் சூத்திரத்தால் திருத்தலாம். எடுத்துக்காட்டாக மருந்துக் குவளையில் 60, மருந்தில்லாததில் 8 என்றால், 52-ஐ 92-ஆல் வகுத்து 56.5 சதவீதம். 20-ஐத் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து.

பெரும்பாலான ஆய்வுகள் வழுக்குவது ஒப்பீட்டுக் குவளைகளில். வெறும் தண்ணீரோடு ஒப்பிட்டு, நானோ துகள் நன்றாகக் கொல்கிறது என்று முடித்துவிடுகிறார்கள். கூடவே நான்கு ஒப்பீடுகள் வேண்டும். அதே அளவு இலைச்சாறு மட்டும். அதே அளவு வெள்ளி உள்ள சில்வர் நைட்ரேட் மட்டும். துகளை நீக்கிய மேல்நீர். டெமிஃபாஸ். வெள்ளி அயனி தனியாகவே புழுவைக் கொல்லும். சில்வர் நைட்ரேட்டும் நானோ துகளும் ஒரே மாதிரி கொன்றால், வேலை பார்த்தது துகளிலிருந்து கசிந்த அயனி, இலையின் பங்கு அதில் சொற்பம். மேல்நீரே கொன்றுவிட்டால் கழுவியது போதவில்லை.

குவளைத் தண்ணீர் பற்றியும் ஒரு குழப்பம் நிலவுகிறது. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் போய்விட்டது என்று பயன்படுத்துவார்கள். குளோரின் போவது வேறு, குளோரைடு போவது வேறு. குளோரைடு எங்கும் போகாது, அங்கேயே இருந்து அயனியைப் பிடிக்கும். அதனால் ஒரே சரக்கை வடித்த நீரில் ஒரு முறையும், கொசு உண்மையில் வளரும் ஊர்த் தண்ணீரில் ஒரு முறையும் சோதிக்க வேண்டும். ஐந்து அளவும் எல்லா ஒப்பீடும் சேர்ந்து ஒரு தண்ணீருக்கு ஏறக்குறைய 1,000 புழு ஆகும். வேலை அதிகம்தான். இந்த வேலையைச் செய்யாத எல்சி50 எண்ணால் ஊருக்குப் பயன் இல்லை.

நல்ல தண்ணியை எடுத்துக்கொள்வோம். மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீர் தினமும் குழாயில் வராத தெருக்களில், சிமென்ட் தொட்டி, சம்ப்பு, பேரல், அண்டா என்று பிடித்து வைக்கிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி தேடி வருவது இந்தத் தண்ணீரைத்தான். மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் நகர்ப்புற மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி வளரும். இது குடிக்கிற, சமைக்கிற தண்ணீர். குடிநீரில் வெள்ளி லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். 20 மில்லிகிராம் அதைப் போல 200 மடங்கு. எல்சி50 வெறும் 1 மில்லிகிராம் என்று வந்தாலும் 10 மடங்கு. இலையில் செய்தது, பசுமையானது என்ற பெயர் இந்தக் கணக்கை மாற்றாது. துகளின் போர்வைதான் இலையிலிருந்து வந்தது, உள்ளே இருப்பது வெள்ளி. நல்ல தண்ணித் தொட்டிக்கு இது பொருந்தாது என்று வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். அங்கே வாரம் ஒரு முறை தொட்டியைக் காலி செய்து, நீர்மட்டக் கோட்டை நாரால் அழுத்தித் தேய்ப்பதும், வாயைத் துணியால் இறுக்கிக் கட்டுவதும்தான் வழி. ஏடிஸ் முட்டை சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேய்க்காமல் தண்ணீரை மட்டும் மாற்றினால் அடுத்த முறை தண்ணீர் ஏறியதும் பொரிந்துவிடும்.

உப்புத் தண்ணி என்பது போர்வெல் தண்ணீர். சேர்வராயன் மலையடிவாரத்தில் வெள்ளைக்கல் வெட்டும் பகுதியில் பாறையே மேக்னசைட். நிலத்தடி நீரில் மெக்னீசியமும் கடினத்தன்மையும் கூடுதலாக இருப்பது இயல்பு. கால்சியமும் மெக்னீசியமும் துகளின் மின்னூட்டத்தை மழுங்கச் செய்யும். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்த துகள்கள் திரண்டு அடியில் படியும். வடித்த நீரில் ஒரு மாதம் தெளிவாக நின்ற பழுப்புக் கரைசல், உப்புத் தண்ணியில் ஒரே இரவில் சாம்பல் நிறமாகி இறங்கிவிடலாம். இதைச் சோதிப்பது எளிது. போர்வெல் தண்ணீர் 99 மில்லியில் 1 மில்லி விட்டு, ஒரு மணி, ஆறு மணி, ஒரு நாள் கழித்து நிறமாலை எடுத்தால் 420-இல் உள்ள உச்சி தாழ்ந்து 500-க்கு மேல் பரவுவது தெரியும். படிந்துவிட்டால் எல்லாம் வீண் என்றும் இல்லை. ஏடிஸ் புழு அடியில் மேய்ந்து தின்னும் பழக்கம் உள்ளது. அனாபிலிஸ் மேல்மட்டத்தில் படுத்தபடி தின்னும். கியூலெக்ஸ் தலைகீழாகத் தொங்கி நடுநீரை வடிகட்டித் தின்னும். ஒரே வண்டல் ஒரு கொசுவுக்கு எட்டும், இன்னொன்றுக்கு எட்டாது.

சாக்கடைத் தண்ணியில் வளர்வது யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ். திருமணிமுத்தாறு போகும் வழியிலும் அதில் வந்து சேரும் சாக்கடைகளிலும் கறுப்புச் சேறு கிளறினால் அழுகிய முட்டை வாடை வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. வீட்டுக் கொலுசு நாளாக நாளாகக் கறுப்பது வெள்ளி சல்ஃபைடு படிவதால். சாக்கடையில் வெள்ளித் துகளுக்கும் அதே கதி. தண்ணீரில் கரையாத சல்ஃபைடாக மாறி அயனி கசிவது நின்றுபோகும். இதற்காகவே சாக்கடையில் வெள்ளியைக் கொட்டுவது பணத்தையும் மண்ணையும் ஒருசேரக் கெடுப்பது. அங்கே தேவை ஓட்டமும் தூர்வாரலும். மருந்து வேண்டும் என்றால் கொசுப்புழுவைக் கொல்லும் பி.டி.ஐ. பாக்டீரியா இருக்கிறது.

மலை மேல் நான்காவது தண்ணீர் ஒன்று உண்டு. காப்பித் தோட்டத்து நிழல் மரங்களின் பொந்துகளிலும், வெட்டிய மூங்கில் கணுக்களிலும், எறிந்த பிளாஸ்டிக் கோப்பைகளிலும் தேங்கும் மழைநீர். ஏடிஸ் அல்போபிக்டஸ் அங்கே வளரும். சருகு ஊறிய தேயிலை நிறத் தண்ணீர் வெள்ளியைக் கட்டிப்போடும். மழை வந்தால் பொந்து நிரம்பி வழிந்து ஓடைக்குப் போகும், ஓடை கிளியூர் அருவிக்கும் கீழே கிராமத்துக்கும். வெள்ளி ஒரு தனிமம், மருந்து போலச் சிதைந்து மறையாது. நன்னீர் உயிர்களுக்கு அயனி வெள்ளி மிகக் கடுமையான நஞ்சு. மீனின் செவுளில் சோடியம் உறிஞ்சும் நொதியை நிறுத்திவிடும். தண்ணீர்த் தெள்ளுப்பூச்சிக்கு லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கிலேயே ஆபத்து. வளர்ந்த கப்பி மீன் இரண்டு நாள் சாகவில்லை என்பதை வைத்துப் பிற உயிர்களுக்குத் தீங்கில்லை என்று எழுதுவது போதாது. மீன் குஞ்சையும், தும்பியின் இளம்புழுவையும், தெள்ளுப்பூச்சியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மரப்பொந்துக்கு மண்ணோ மணலோ போட்டு அடைப்பது செலவில்லாத வேலை.

பிறகு இந்தத் துகளுக்கு இடம் எங்கே? யாரும் குடிக்காத, எங்கும் வழிந்து ஓடாத, நாமே வைத்து நாமே திரும்ப எடுக்கக்கூடிய தண்ணீரில். முட்டையிடும் பொறி அப்படிப்பட்டது. கறுப்பு பெயின்ட் அடித்த சிறு சட்டி, வைக்கோல் ஊறிய தண்ணீர் 300 மில்லி, உட்புறம் சொரசொரப்பான ஒரு துண்டு மரப்பட்டை. ஏடிஸ் அதைத் தேடி வந்து பட்டையில் முட்டையிடும், பொரிந்த புழு அடியில் படிந்த துகளைத் தின்னும். லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்றே வைத்தாலும் ஒரு சட்டிக்கு 6 மில்லிகிராம் வெள்ளி. ஒரு தொட்டிக்குப் போன 10 கிராம், 1,600-க்கு மேற்பட்ட சட்டிகளுக்கு வரும். வைக்கோல் நீரில் கரிமப் பொருள் கூடுதல் என்பதால் அதே நீரில் தனியாக எல்சி90, அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு புழுவைக் கொல்லும் அளவு, எடுத்து அளவை நிர்ணயிக்க வேண்டும். வாரம் ஒரு முறை கட்டாயம் பார்க்க வேண்டும். புழு தப்பினால் ஏழு முதல் பத்து நாளில் பொறியே கொசுப் பண்ணையாகிவிடும். பழைய நீரை மண்ணில் ஊற்றாமல் மூடி போட்ட பக்கெட்டில் சேர்த்து, ஒரு கைப்பிடி உப்பைப் போட்டு ஒரு வாரம் விட்டால் அயனி குளோரைடாகவும், துகளில் பெரும்பகுதி திரண்டும் அடியில் தங்கும். மேல்நீரை அளந்து பார்த்துவிட்டு வெளியேற்றலாம். அடியில் தங்கிய சாம்பல் வண்டலைக் காயவைத்துத் தனிப் பாட்டிலில் சேர்த்து வர வேண்டும். அதில் இருப்பது வெள்ளி, மீட்டு மறுபடி பயன்படுத்தலாம்.